பாத்தி ஓரத்துச் சிமெண்ட்

தையல்காரம்மா கொத்தனாருக்குத் தர வேண்டிய பாக்கி ஆறாயிரத்து நானூற்றைம்பது. அதை அவர் தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்ததில்லை. அவருக்குத் தெரியும், அவர் மனைவிக்குத் தெரியும், தையல்காரம்மாவுக்குத் தெரியும். அவள் வளர்த்த பூனைக்கும் தெரியும் என்றுதான் பிற்பாடு அவருக்குத் தோன்ற ஆரம்பித்தது. இல்லையென்றால், ஊர் முழுக்க மண் கிடக்கும்போது, அது தேடிப்பிடித்து அவருடைய பாத்திக்கே வந்து உட்காருவானேன்?

பாக்கி வந்தது பெரிய கதை இல்லை. இரண்டு வீடும் ஒட்டினாற்போல் இருப்பவை. பின்பக்கம் இடுப்புயரச் சுவர் ஒன்றுதான் நடுவில். தையல்காரம்மாவின் பின்னறையில் தரை உள்வாங்கி, தையல் மெஷின் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு நின்றது. மிதித்தால் ஆடும். ஆடினால் தையல் கோணும். "என் பொழப்பே நொண்டுதுண்ணே" என்று வந்து நின்றாள். புருஷன் போன பிறகு ஒற்றை மெஷினை வைத்துக்கொண்டு காலம் தள்ளுகிறவள். கொத்தனார் தன் ஓய்வு நாட்களில் தரையைப் பெயர்த்து, இடித்துக் கெட்டிப்படுத்தி, மட்டம் பார்த்துப் புதுத் தளம் போட்டுக் கொடுத்தார். மணலும் சிமெண்டும் அவர் பொறுப்பில் கடையில் எடுத்தவை. கடைக்காரருக்குத் தன் கைக்காசைக் கொடுத்துத் தீர்த்துவிட்டார். பள்ளிக்கூடம் திறக்கும்போது சீருடை தைக்கக் கூட்டம் வரும், மொத்தமாகத் தந்துவிடுகிறேன் என்றாள் அவள். பள்ளிக்கூடம் திறந்தது, மூடியது, மறுபடியும் திறந்தது. சேர்த்த பணத்தை ஒருமுறை மெஷின் மோட்டார் தின்றது, ஒருமுறை வீட்டு வாடகை தின்றது.

ஏமாற்றுகிறவள் இல்லை. அதுதான் தொல்லை. ஏமாற்றுகிறவளாக இருந்தால் ஒரு சண்டை போட்டு மனசை ஆற்றிக்கொள்ளலாம். இவளோ கண்ணில் பட்டபோதெல்லாம் தானே முந்திக்கொள்வாள்.

"மறக்கலண்ணே."

"நான் கேட்டேனா தங்கச்சி?"

வாய் கேட்கவில்லைதான். மனசு தினமும் போய் அவள் வாசலில் நின்று கேட்டுவிட்டு வந்தது.

பாத்தி விஷயத்துக்கு வருவோம். வாழ்நாள் முழுக்க அடுத்தவன் வீட்டுக்குச் சுவர் வைத்த மனிதர். தனக்கென்று கையால் ஏதாவது ஒன்று செய்ய வேண்டும் போலிருந்தது. வீட்டுக்குப் பின்னால் இரண்டு பாய் விரிக்கிற அகலத்தில் வெறும் தரை கிடந்தது. அதைக் கொத்தி, செங்கல் துண்டும் கண்ணாடித் துண்டும் பொறுக்கி, ஓரத்துக்குக் கல் பதித்தார். அதோடு விட்டிருக்கலாம். தெரிந்த தொழில் கையை விடுமா? பூச்சு வேலைக்கு மணல் சலிக்கிற பெரிய சல்லடையைச் சாய்த்து நிறுத்தி, பாத்தி மண் முழுவதையும் வாரி எறிந்து சலித்துவிட்டார். ஒரு கல் இல்லை, ஒரு கட்டி இல்லை. முகத்துக்குப் போடுகிற பவுடர் மாதிரி மண். அதன்மேல் மட்டப்பலகையால் ஒரு இழுப்பு. மனைவி வந்து பார்த்தாள்.

"விதை போடப் போறீங்களா, டைல்ஸ் ஒட்டப் போறீங்களா?"

கீரை விதை தூவினார். ஒரு ஓரமாகத் தக்காளி நட்டார். முளை கண்டதும் மனிதருக்கு வேறு நினைப்பில்லை. சாயங்காலம் வேலை விட்டு வந்ததும் கால்கூடக் கழுவாமல் பாத்தி ஓரத்தில் குந்துவார். எங்கே உட்கார்ந்தாலும் விடாத இடுப்பு வலி, அங்கே குந்தினால் மட்டும் கொஞ்சம் விட்டுக்கொடுக்கும்.

ஒருநாள் காலை களை பிடுங்கக் கையை விட்டார். கை எதிலோ போய்ப் பதிந்தது. என்னவென்று எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. நாற்றம் தானாகவே வந்து தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டது.

"சீ, சனியனே!"

மனைவி ஓடி வந்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டே சிரித்தாள். "எரு வாங்கணும், எரு வாங்கணும்னு பொலம்புனீங்களே. வீடு தேடி வந்துடுச்சு பாருங்க."

மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும். முளைகளைப் பறித்துத் தள்ளி, குழி தோண்டி, காரியத்தை முடித்து, மேலே மண்ணை இழுத்து மூடி, ஒரு நல்ல வேலைக்காரனைப் போல் சுத்தமாகச் செய்துவிட்டுப் போயிருந்தது. தெருவில் சுற்றுகிற பூனைகள் மூன்று நாலு உண்டு. ஆனால் விடியலில் எழுந்து காத்திருந்து பார்த்தபோது, பாத்தி நடுவில் காதை மடக்கி, வானத்தைப் பார்த்து, ஏதோ குடும்பக் கவலையில் இருப்பதுபோல் உட்கார்ந்திருந்தது தையல்காரம்மாவின் பூனைதான். உடம்பெல்லாம் வெள்ளை, நெற்றியில் மட்டும் கறுப்பாக ஒரு வட்டம். அதனால் அவள் அதற்குப் பொத்தான் என்று பேர் வைத்திருந்தாள்.

சுவரோரம் போய்க் கூப்பிட்டார். "தங்கச்சி, உன் பொத்தான் என் கீரையை அழிச்சுப் போட்டுடுச்சும்மா."

அவள் உதட்டில் கவ்வியிருந்த குண்டூசிகளோடு எட்டிப் பார்த்தாள். அவற்றை எடுத்துவிட்டுச் சொன்னாள். "ஐயையோ. நான் என்னண்ணே செய்வேன்? கட்டிப் போட்டா ஊரைக் கூட்டுது. புத்தி சொன்னா மூஞ்சியத் திருப்பிக்குது."

"கதவைச் சாத்தி வைக்கலாம்ல?"

"துணி கொடுக்க ஆளுங்க வந்துக்கிட்டே இருக்காங்களே. சரி, பாக்குறேண்ணே." ஒரு நொடி நின்றாள். "அந்தப் பாக்கியும் மறக்கலண்ணே."

பூனையைப் பற்றிப் பேசப் போனால் பாக்கி குறுக்கே வந்தது. பாக்கியை நினைத்தால் பூனை வந்து நின்றது. அவர் மனசில் இரண்டும் ஒரே சாக்கில் விழுந்துவிட்டன.

எதிர்வீட்டு ரேடியோவிடம் யோசனை கேட்டார். சரக்கு வண்டி ஓட்டுகிறவன். மெதுவாகப் பேச அவனுக்கு வராது. அவன் பெண்டாட்டி காதில் சொல்கிற ரகசியம் தெருக்கோடியில் நிற்கிறவனுக்குக் கேட்கும். அதனால் அந்தப் பேர். மாடியில் புதிதாக ஒரு அறை கட்டிக்கொண்டிருந்தான். வேலை கொத்தனாருடையதுதான்.

"பூனையா? என் வண்டி சீட்டைக் கிழிச்சதே அதுங்கதான் மேஸ்திரி! கையில மட்டும் மாட்டட்டும், தோலை உரிச்சுத் தொங்க விடுறேன்!"

தெரு முழுக்கக் கேட்டது. அப்படிச் சொன்னவன் மறுநாள் அதே பொத்தானுக்கு மீன் தலை போட்டதை மாடியில் நின்ற கொத்தனார் பார்த்தார். மீன் தலை போடும்போது சத்தம் வராதே. அதனால் அது தெருவுக்குத் தெரியவில்லை.

பாத்தியை வந்து பார்த்துவிட்டு ரேடியோ இடுப்பில் கை வைத்துக்கொண்டான். "மண்ணை மாவு மாதிரி சலிச்சு, மெத்தை மாதிரி விரிச்சு வச்சிருக்கீங்க. எனக்கே அவசரம்னா இங்க வரத்தான் தோணும், பூனையச் சொல்லி என்ன பிரயோசனம்? கல்லைப் பரப்புங்க. கம்பி வலையப் போடுங்க. மண்ணை எப்பவும் ஈரமா வைங்க. கால் வைக்கச் சொகமில்லாத எடம்னா அது வேற எடம் பாத்துக்கும்."

சொன்னது சரிதான். ஆனால் பார்த்துப் பார்த்துச் சலித்த மண்ணில் மறுபடி கல்லைக் கொட்டக் கொத்தனாருக்கு மனசு வரவில்லை. பூசி முடித்த சுவரைத் தானே கொத்துகிற மாதிரி இருந்தது. ஒப்புக்கு நாலு முள் கிளையைச் செருகினார். ஆரஞ்சுத் தோலைப் போட்டார். பாட்டிலில் தண்ணீர் நிரப்பி நிறுத்தினார். பொத்தான் முள்ளைச் சுற்றிக்கொண்டு வந்தது, தோலைத் தள்ளிவிட்டது, பாட்டிலில் முகம் பார்த்துக்கொண்டது.

அந்த வாரம் மனைவி தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் காட்டினாள். ஒரு பக்கம் உடைந்து நூல் சுற்றியிருந்தது. "பக்கத்து வீட்டுப் பாக்கி வந்தா மாத்திக்கலாம்னீங்க. அது வர்றதுக்குள்ள எனக்குக் கண்ணே தேவைப்படாது போலிருக்கு." விளையாட்டாகத்தான் சொன்னாள். அவர் பின்பக்கம் போனார். பூப்பிடித்திருந்த தக்காளிச் செடி வேரோடு சாய்ந்து கிடந்தது. சுவருக்கு அந்தப்புறம் தையல்காரம்மா குனிந்து, கொஞ்சிக்கொண்டே, கிண்ணத்தில் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள்.

என் காசுல பாலு, என் பாத்தியில கக்கூஸு. அப்படித்தான் நினைத்தார், அந்தச் சொற்களிலேயே.

துணி துவைக்கிற கல்லில் விரிசல் அடைக்கவென்று ரேடியோ வீட்டு வேலையிலிருந்து மூட்டையின் அடிச் சிமெண்ட் கொஞ்சம் கேட்டு வாங்கி வந்து வைத்திருந்தார். அதை எடுத்தார். அந்தி மங்கிய நேரம். பாத்தி ஓரம் முழுக்க, பூனை இறங்கும் இடத்தில், குழி தோண்டும் இடத்தில், மாவு தூவுகிற மாதிரி தூவினார்.

சிமெண்ட் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாதா? அவர் விரல் இடுக்குகளைப் பார்த்தாலே போதும். ஈரத்தோடு சேர்ந்த சிமெண்ட் முதலில் ஒன்றும் செய்யாது. பிறகு அரிக்கும். பிறகு தோலைத் தின்னும். வேலை அதிகமான நாட்களில் சோற்றைப் பிசையும்போது உப்பு பட்டு உயிர் போகும். அதெல்லாம் தெரிந்த கைதான் தூவியது. கொஞ்சம் கடிக்கட்டும், கடித்தால் வராது என்று நினைத்தார். அதற்கு மேல் நினைத்துவிடக் கூடாது என்று சீக்கிரமாக வீட்டுக்குள் போய்விட்டார்.

"என்னங்க அது, சாம்பலாட்டம்?" என்று மனைவி கேட்டாள்.

"மண்ணுக்குச் சத்து."

அவள் ஒரு நிமிஷம் அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

காலையில் பனி இறங்கி, பாத்தி ஓரம் கருத்திருந்தது. ஒரு பாதத் தடம் இருந்தது, குழி இல்லை. மறுநாளும் இல்லை. கொத்தனார் சீட்டியடித்துக்கொண்டு வேலைக்குப் போனார்.

அதற்கடுத்த நாள் அவருக்கு ஓய்வு. பக்கத்து வீட்டில் மெஷின் ஓடும் சத்தம் இல்லை. அந்தச் சத்தம் இருக்கும்போது காதில் விழாது. இல்லாதபோதுதான் என்னவோ குறைகிறது என்று தெரியும். பின்பக்கம் வந்தபோது தையல்காரம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"அண்ணே, கொஞ்சம் வாங்கண்ணே. பொத்தானுக்கு என்னவோ ஆயிடுச்சு. மெஷினுக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டு வரமாட்டேங்குது. எனக்குத் தொடவே பயமா இருக்கு."

போனார். தான் போட்ட தளத்தின்மேல் மண்டியிட்டுக் குனிந்து பார்த்தார். பூனை சுருண்டு கிடந்தது. வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. முன் பாதங்களில் சதை தெரிந்தது. அவர் கையை நீட்டியதும் சீறவில்லை, பிறாண்டவில்லை. தலையை அவர் உள்ளங்கையில் வைத்துவிட்டது. அதற்குத் தெரிந்தவர் அவர், அவ்வளவுதான். பிறாண்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவர் நினைத்தார்.

துணிக்கூடையில் பழைய புடவையை விரித்து அதைத் தூக்கி வைத்தது அவர்தான். "ஏறுங்க, ஏறுங்க! பாவம், வாயில்லாத ஜீவன்!" என்று கத்திக்கொண்டே வண்டியை எடுத்தவன் ரேடியோ.

மிருக டாக்டர் ஒரு இளவயதுப் பெண். விளக்கை அருகே இழுத்து, பூனையின் வாயைத் திறந்து பார்த்தாள், பாதத்தைத் திருப்பிப் பார்த்தாள்.

"சிமெண்டோ சுண்ணாம்போ மிதிச்சிருக்கு. கால் எரியுதேன்னு நக்கியிருக்கு. அதுல நாக்கு, உள்வாய் எல்லாம் வெந்து போச்சு." நிமிர்ந்தவள் கூடையைப் பிடித்திருந்த விரல்களைக் கவனித்தாள். "நீங்க கட்டட வேலையா? பாருங்க, உங்க கையில இருக்கே, அதே புண்ணுதான். உங்களுக்கு நக்குற பழக்கம் இல்ல, இதுக்கு இருக்கு. அதான் வித்தியாசம்."

கொத்தனார் கையை இழுத்துக்கொண்டார்.

"பொழைச்சுக்குமா டாக்டர்?" என்றாள் தையல்காரம்மா.

"பொழைச்சுக்கும்னுதான் நினைக்கிறேன். சாப்பிட வைக்கிறதுதான் கஷ்டம்."

ஊசி, மருந்து, தடவுவதற்குக் களிம்பு. காசு கட்டும் இடத்தில் தையல்காரம்மா பையிலிருந்து மடித்த உறை ஒன்றை எடுத்தாள். எடுத்தவள் அவரைப் பார்த்து முகம் சுருங்கினாள்.

"உங்களுக்குன்னு எடுத்து வச்சிருந்ததுண்ணே. இந்த வாரம் கொண்டாந்து கொடுத்துடலாம்னு இருந்தேன்."

"அதுக்கென்னம்மா, இப்ப அவசரமா?" என்றார்.

திரும்பும் வழியெல்லாம் அவள் ரேடியோவையே பார்த்துக்கொண்டு வந்தாள். தெருவில் இறங்கியதும் கூடையைக் கொத்தனார் கையில் கொடுத்துவிட்டு, வண்டியைப் பூட்டிக்கொண்டிருந்த ரேடியோவின் முன்னால் போய் நின்றாள்.

"உன் வீட்லதான வேலை நடக்குது? சிமெண்ட் மூட்டை உன் வாசல்லதான கெடக்குது?"

"ஆமாக்கா, அதுக்கென்ன?"

"தோலை உரிப்பேன்னு சொன்னியே, உரிச்சுட்டியே! மனசாறிடுச்சா? செய்யறதையும் செஞ்சுட்டு, பாவம் வாயில்லாத ஜீவன்னு வண்டி வேற ஓட்டுற!"

ரேடியோவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் வெடித்தான். "நானா? நான் எதுக்குக்கா... யக்கா, சத்தியமா இல்ல! வாய்தான்க்கா எனக்கு, கை கெடையாது!" கதவுகள் திறந்தன. ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். அவன் சுற்றிலும் பார்த்துவிட்டு, கூடையோடு நின்றவரைப் பிடித்துக்கொண்டான். "மேஸ்திரி, நீங்களே சொல்லுங்க. தினம் என் வீட்லதான இருக்கீங்க? மூட்டையை நான் தொட்டதையாவது பாத்திருக்கீங்களா?"

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். கூடைக்குள் பூனை ஒருமுறை முனகியது.

"வேலை நடக்குற எடம்," என்றார் கொத்தனார். "சிமெண்ட் சிந்தத்தான செய்யும்."

பொய்யில்லை. ஒரு சொல்கூடப் பொய்யில்லை. அதனால்தான் அது அத்தனை வலுவாக நின்றது. தையல்காரம்மா உள்ளே போய், ரேடியோவின் மனைவி தைக்கக் கொடுத்திருந்த துணிகளை வெட்டாமலே எடுத்து வந்து அவன் வாசல் படியில் வைத்துவிட்டுப் போனாள். இனி அந்த வீட்டுத் துணியைத் தொடமாட்டேன் என்றாள். அவளுக்கும் அது நஷ்டம்தான். அந்தத் தெருவில் அதிகம் தைக்கக் கொடுக்கிற வீடு அது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பாவம் இருந்த இடத்தில் அன்று சாயங்காலம் மண்வெட்டி ஓடியது. பாத்தி ஓரத்து மண்ணை ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டி எடுத்து, சாக்கில் கட்டி, குப்பை வண்டிக்காரனிடம் கொடுத்துத் தொலைத்தார். தண்ணீரை ஊற்றிக் கழுவினார். ஓட்டுச் சில்லையும் செங்கல் துண்டையும் பொறுக்கிச் செடிகளுக்கு நடுவே நெருக்கமாகப் பரப்பினார். அதற்குமேல் எந்தப் பூனையும் கால் வைக்கவில்லை. எத்தனை சுலபமாக இருந்தது அது.

தப்பிய கீரையை மனைவி பறித்து வதக்கி வைத்தாள். ஒரு வாய் எடுத்தார்.

"மண்ணுக்குச் சத்துன்னீங்களே," என்றாள் அவள், தட்டைப் பார்த்துக்கொண்டே.

அவர் கை நின்றது.

"அன்னைக்கே எனக்குத் தெரியும். கேட்டா பொய்யி சொல்லுவீங்கன்னு கேக்காம விட்டேன். என் மேலயும் தப்பு இருக்கு."

"பாக்கியை விட்டுடுறேன்னு சொல்லிடப் போறேன். ஆறாயிரத்து நானூத்தி அம்பதும் வேணாம்னு சொல்லிடப் போறேன்."

"எதுக்குன்னு கேட்டா?"

"கஷ்டப்படுறா, விட்டுடுறேன்னு சொல்றேன்."

"நல்லா இருக்கே கதை. பூனைக்குக் காலு போச்சு, ரேடியோவுக்கு மானம் போச்சு, உங்களுக்கு தருமப் பிரபுன்னு பேரா?" கண்ணாடியின் நூலைச் சரிசெய்துகொண்டாள். "ஒண்ணு வாயைத் தொறந்து சொல்லுங்க. இல்லேன்னா காசையும் சேர்த்து வாங்கிக்கிட்டுக் கம்முனு இருங்க. ரெண்டுக்கும் நடுவுல ஒளிஞ்சுக்காதீங்க."

அவர் ஒளிந்துகொள்ளத்தான் போனார். மனைவி சொன்ன பிறகும், நாள் கடத்தி, ஒரு பகல் நேரம் பார்த்துத் தையல்காரம்மாவின் பின்னறை வாசலில் நின்றார். பொத்தான் ஜன்னலோரம் படுத்திருந்தது. முன் கால்களில் கட்டு. ஒரு கரண்டிப் பாலை அவள் அதன் வாயோரம் வைத்துக் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே. ஒக்காருங்க. இன்னைக்குத்தான் ரெண்டு வாய் குடிச்சிருக்கு."

"அந்தப் பாக்கி விஷயமா வந்தேன்."

"மறக்கலண்ணே. இதுக்கு மறுபடியும் ஆஸ்பத்திரி போக வேண்டியதாயிடுச்சு, அதான்..."

"இல்ல. அது வேணாம். விட்டுடு. இனிமே அதைப் பத்திப் பேச்சே வேணாம்."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். முகம் கோபத்தில் கொஞ்சம் சிவந்தது, பிறகு கண் கலங்கியது. "என்னைப் பிச்சைக்காரின்னு நெனச்சீங்களாண்ணே? லேட்டாகும், அவ்வளவுதான். உழைச்ச காசை யாராவது விடுவாங்களா?" புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். "இந்தத் தெருவுல உங்களை மாதிரியும் ஒரு மனுஷன் இருக்கீங்க. எதிர்ல அவனை மாதிரியும் ஒருத்தன் இருக்கான். ஆண்டவன் எப்படித்தான் ஒரே மண்ணுல பிசையுறானோ."

அடித்திருந்தால் தாங்கியிருப்பார். இது முடியவில்லை.

"தங்கச்சி. சிமெண்ட் தூவுனது அவனில்ல. நான்தான்."

அவளுக்குப் புரிய நேரம் பிடித்தது. "சிந்துனதா?"

"தூவுனது. பாத்தியைச் சுத்தி. பூனை வரக்கூடாதுன்னு."

"இப்படி ஆகும்னு தெரியாம..." அவளே அவருக்கு ஒரு வழி திறந்துவிட்டாள். அதில் நுழைந்துவிட்டால் போதும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று ஒரு வார்த்தை. அண்ணன் அண்ணனாகவே இருந்துவிடலாம்.

அவர் இரண்டு கையையும் விரித்து அவள் முன்னால் காட்டினார். "இந்தக் கையை வச்சுக்கிட்டு எப்படித் தெரியாதுன்னு சொல்லுவேன்? இவ்வளவு ஆகும்னு நெனைக்கல. கடிக்கும்னு தெரியும். கடிக்கட்டும்னுதான் போட்டேன். பூனை மேல மட்டும் கோவமில்ல. நீ காசு தரலையேன்னு கோவம். அன்னைக்கு நீ அதுக்குப் பால் ஊத்துனதைப் பாத்தேன்."

அவள் அந்தக் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து போய் மெஷின் முன்னால் உட்கார்ந்தாள். தைக்கவில்லை. சக்கரத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு இருந்தாள். சுவரைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"ஆஸ்பத்திரிக்கு எல்லாம் சேர்ந்து ஆயிரத்து எண்ணூத்தி அம்பது ஆச்சு. அதைக் கழிச்சுக்குறேன். மிச்சம் நாலாயிரத்து அறுநூறு. அதைத் தந்துடுவேன்."

"வேணாம்மா. ஒண்ணும் வேணாம்."

"வேணும், கொத்தனாரே." முதல் தடவையாக அப்படிக் கூப்பிட்டாள். "விட்டுட்டா உங்களுக்கு லேசாயிடும். நிம்மதியா தூங்கிடுவீங்க. தளம் நல்லாத்தான் போட்டீங்க, அதுக்கு உள்ள கூலி உங்களுக்கு வரணும். மாசாமாசம் வந்து என் கையால வாங்கிக்கிட்டுப் போங்க." திரும்பினாள். "அவன்கிட்ட யார் போய்ச் சொல்றது? நான் தெருவுல நின்னு கத்தினேன்."

"நானே சொல்றேன்."

"உள்ள போய்ச் சொல்லாதீங்க. நான் கத்துன எடத்துல நின்னு சொல்லுங்க."

அன்று மாலையே ரேடியோவின் வண்டி வந்து நின்றதும் சொன்னார். ஆட்கள் கேட்கும்படித்தான் சொன்னார். அந்த இடத்தில் அவர் குரல் அவருக்கே அந்நியமாக இருந்தது. தையல்காரம்மாவும் வாசலுக்கு வந்து, எல்லோர் முன்னாலும், "தம்பி, வாய்க்கு வந்தபடி பேசிட்டேன், மனசுல வச்சுக்காதே" என்றாள். இரைந்து கத்தப்போகிறான் என்று தெருவே காத்திருந்தது. ரேடியோ கத்தவில்லை. கொத்தனாருக்குப் பக்கத்தில் வந்து, பக்கத்தில் நிற்பவனுக்குக்கூடக் கேட்காத குரலில் பேசினான்.

"அன்னைக்கு உங்களைத்தான சாட்சிக்குக் கூப்பிட்டேன் மேஸ்திரி."

அவ்வளவுதான். மாடி வேலையை அவரே முடித்துக் கொடுத்தார். கூலியில் ஒரு காசு குறையவில்லை. ஆனால் சிமெண்ட் மூட்டைகளை ரேடியோ உள்ளே பூட்டி வைத்து, வேலைக்கு வேண்டியதை அவனே அளந்து கொடுத்தான். அவன் அளந்து கொடுத்ததை வாங்கி அவர் குழைத்தார்.

பொத்தான் பிழைத்துக்கொண்டது. பாதத்தில் தோல் மூடியது. ஆனால் சுவர் ஏறுவதை விட்டுவிட்டது. நடக்கும்போது முன் காலை ஊன்றுமுன் ஒரு நொடி யோசிக்கும். வீட்டு மூலையில் பழைய தகரத் தட்டில் தையல்காரம்மா அதற்கு மண் போட்டு வைத்தாள். மணல் கடையில் சொல்லி நல்ல மணல் ஒரு மூட்டை வாங்கித் தரட்டுமா என்று கொத்தனார் மனைவி மூலம் கேட்டு அனுப்பினார். வேண்டாம் என்று பதில் வந்தது.

மாசாமாசம் போனார். அதுதான் அவள் அவருக்குக் கொடுத்த வேலை. சில மாதம் ஐந்நூறு, சில மாதம் இருநூறு. வாசலில் நிற்பார். அவள் எழுந்து வந்து கொடுப்பாள். உட்காரச் சொல்லமாட்டாள், உள்ளே இருக்கிற பூனை எப்படி இருக்கிறது என்று அவரும் கேட்கமாட்டார். வாங்கிய பணத்தில் முதலில் மனைவிக்குக் கண்ணாடி வந்தது. அவள் அதைப் போட்டுக்கொண்டு அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் தெரியுது" என்றாள்.

சீருடை தைக்கும் காலம் மறுபடி வந்தது. பக்கத்து வீட்டில் விடிவதற்கு முன்பே மெஷின் ஓட ஆரம்பித்துவிடும். அந்த மாதம் அவர் போனபோது அறை முழுக்க நீலத் துணி மலைபோல் கிடந்தது. தையல்காரம்மா எழுந்து வந்து, அவர் கையில் பணத்தை வைத்தாள். வழக்கத்தைவிடக் கனமாக இருந்தது.

"மிச்சம் எல்லாம் இதுல இருக்கு," என்றாள். "எண்ணிப் பாருங்க, கொத்தனாரே."

அவளிடம் வாங்கிய காசை அவர் ஒருநாளும் எண்ணியதில்லை. எண்ணினால் நம்பவில்லை என்றாகிவிடும் என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்விடுவார். இன்று அவள் நகராமல் நின்றாள். அவர் எண்ணினார். விரல் இடுக்கில் புது வெடிப்பு, தாளின் ஓரம் பட்டபோது எரிந்தது. நடுவில் தடுமாறி, மறுபடி முதலிலிருந்து எண்ணினார். அவர் முடிக்கும்வரை அவள் காத்திருந்தாள்.

"சரியா இருக்கா?"

"சரியா இருக்குங்க."

அவள் தலையசைத்துவிட்டு உள்ளே போனாள். அவர் படியிறங்கித் தெருவுக்கு வருவதற்குள் மெஷின் மறுபடி ஓடத் தொடங்கியிருந்தது.